முப்பத்திரண்டுக்கு எந்தப் பவுடர்?

போன வாரம் சுரேஷ் போன் செய்தான். நான் வேலையை விட்ட பிறகு, திருப்பதிக்கு வெளியே இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்பில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன்தான்.

"அண்ணா, பழைய பவுடர் இனிமே வராதாம். புச்சா ரெண்டு டப்பா சாம்பிள் வந்துகீது. முப்பத்திரண்டுக்கு எத்த போடலாம், செப்பண்ணா. சுடுற பசங்க எல்லாம் காத்துக்கினு கீறாங்க."

முப்பத்திரண்டு என்பது கிளப்பின் பாயின்ட் முப்பத்திரண்டு ரிவால்வர், பவுடர் என்பது அதன் தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்து. ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். "ஒரு டப்பா பேரு சொல்றதுக்கு ஒரு வாரம் யோசனையா?" என்று என் மனைவி சிரிக்கிறாள். கேஸை மூடினாயா என்று மூன்று முறை கேட்டுவிட்டு, நான்காவது முறை நானே போய்ப் பார்க்கும் ஆள் நான். அவளுக்கு இது புதிதல்ல. ஆனால் இந்தக் கேள்விக்கு நான் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அதைப் போனில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் நகரிப் பக்கம். சித்தூர் ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்த்துப் பராமரிப்பவனாக, என் பாதி ஆயுள் போனது. அங்கே தோட்டாக்கள் தொழிற்சாலையிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். நாங்கள் எண்ணி வாங்குவோம், எண்ணிக் கொடுப்போம், காலிக் கூடுகளை எண்ணித் திரும்ப வாங்குவோம். உள்ளே என்ன பவுடர் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, எனக்கும் அது தேவைப்படவில்லை. ஓய்வு பெற்ற பிறகு கிளப்பில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். போன முதல் நாளே தெரிந்தது, நான் இத்தனை வருடம் செய்தது வேறு வேலை, இது வேறு வேலை என்று.

போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்கள் சுடும் தோட்டா மிக அதிகம். எல்லாவற்றையும் புதிதாக வாங்கித் தீராது. அதனால் சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அடியில் தீப்பொறி தரும் புது ப்ரைமர் பொருத்தி, பவுடர் போட்டு, மேலே ஈயக் குண்டை உட்கார வைத்து மறுபடியும் தோட்டாவாக்கும் வேலை கிளப்பில் முறையான அனுமதியோடு நடந்தது. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் போடும் பவுடர் எவ்வளவு தெரியுமா? சாம்பாருக்குப் பெருங்காயம் போடுவோமே, அவ்வளவுகூட வராது. அதில் கொஞ்சம் குறைந்தால் குண்டு குழாயிலேயே சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் கூடினால் துப்பாக்கி சுடுபவர் கையிலேயே பிளந்துகொள்ளலாம். பயந்தவனுக்கு ஏற்ற வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளப் செயலாளரை எல்லோரும் கேப்டன் சார் என்றுதான் கூப்பிடுவோம். ராணுவத்திலிருந்து வந்தவர், மதனப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு. என்னிடம் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தோட்டா நிரப்பும் லோடிங் அறைக்குள் நுழையும் முன் கைக்கடிகாரத்தையும் போனையும் வெளியே ஜன்னலில் வைத்துவிடுவார். உள்ளே ஃபேன் கிடையாது, பேச்சு கிடையாது. பவுடர் டப்பா ஒரே ஒரு டப்பாதான் மேசையில் இருக்கலாம். காலிக் கூடுகள் மேசையின் வலப்பக்கம் கவிழ்ந்தே இருக்க வேண்டும், பவுடர் விழுந்தவை இடப்பக்கம் நிமிர்ந்து. தும்மல் வந்தால்கூட எழுந்து வெளியே போய்த் தும்ம வேண்டும். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. அந்தத் தட்டில் அடுக்கிய கூடுகள் முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வேலை முடித்ததும் வந்து நிற்பார். "ஷ்யூரா?" என்பார். ஆமாம் சார் என்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, "ஷ்யூரா?" என்பார். கொஞ்சம் தடுமாறினாலும் திட்ட மாட்டார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் செய்த அத்தனையையும் பேசாமல் அவரே பிரித்துத் திரும்பச் செய்வார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட நாலு வசவு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அப்போது எங்களிடம் இரண்டு விதப் பவுடர் இருந்தது. பழையது செதில் செதிலாக, கொத்துமல்லி விதையைத் தட்டிப் போட்டது போல இருக்கும். புகை வரும், கூட்டில் கரி பிடிக்கும். கூட்டில் நிறைய இடத்தை அடைத்துக்கொள்ளும். தவறிப்போய் இரண்டு முறை விழுந்துவிட்டால் பொங்கி மேலே ஏறி நிற்கும், குண்டு உட்காராது. கொஞ்சம் கூடினால்கூட டார்ச் அடித்துப் பார்த்ததும் தெரிந்துவிடும். புதியது கடுகிலும் பொடியான மணி. பவுடரை அளந்து ஊற்றும் அளவுக் கருவியில் தண்ணீர் போல வழுக்கி இறங்கும், சுத்தமாக எரியும். சுடும்போது கையில் விழும் உதையும் மென்மை, குறிப்பலகையில் ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் விழும். சுடுகிற பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் அது கூட்டின் அடியில் துளியாகக் கிடக்கும். ஒன்றரை மடங்கு விழுந்தாலும் எட்டிப் பார்த்தால் அதே போலத்தான் இருக்கும். அளவுக் கருவி விடுவது சரிதானா என்று அறிய, இடையிடையே நிறுத்துப் பார்க்கும் தராசைத்தான் நம்ப வேண்டும்.

அந்தப் புதிய பவுடரில் நன்றாகத் தேறியவள் கோமதி. திருச்சானூரில் ஒரு லாட்ஜில் கணக்குப் பார்ப்பவரின் மகள். பூர்வீகம் புத்தூர்ப் பக்கம் என்பதால் என்னை மாமா என்றே கூப்பிடுவாள். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, கிளப்பின் முப்பத்திரண்டு ரிவால்வரை வாங்கிக்கொண்டு நின்றால் சாப்பாடு நினைவே இருக்காது. அந்த வருடம் விஜயவாடாவில் தேர்வுப் போட்டி. அதில் தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி உண்டு.

"நைனா சொல்லிட்டாரு மாமா. இந்த வருசந்தான் கடைசி. தேறலன்னா மாப்ள பாக்கப்போறாங்களாம்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

போட்டி விஜயதசமிக்கு அடுத்து வந்தது. எங்கள் கிளப்பில் ஆயுத பூஜை பெரிதாக நடக்கும். இருக்காதா பின்னே? துப்பாக்கிகள், குண்டை அழுத்தி உட்கார வைக்கும் ப்ரெஸ், தராசு, டார்ச் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவோம். மறுநாள் விஜயதசமியன்று புதிதாகச் சந்தனம் வைத்து, தலைமையில் இருப்பவர் கையால் வேலையைத் தொடங்கி வைக்க வேண்டும் என்பது வழக்கம். அதன்படி அந்த ஒரு நாள் மட்டும் கேப்டன் சாரே உட்கார்ந்து தோட்டா நிரப்புவார். வைத்த சந்தனத்தைத் துடைக்க மாட்டார்கள், தானாக உதிர வேண்டும். அந்த முறை கோமதி விஜயவாடாவுக்குக் கொண்டுபோகும் தோட்டாக்களை அவரே நிரப்பினார். ராசியான நாள், ராசியான கை என்று அவளுக்கும் சந்தோஷம். நான் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தேன்.

மறுநாள் காலை கிளப்புக்குத் திரும்பியபோது கோமதி சுட்டுக்கொண்டிருந்தாள். மாலையில் அவளுக்கு ரயில். கேட்டைத் தாண்டும்போதே எனக்கு என்னவோ போல இருந்தது. சத்தம் சரியில்லை. எங்கள் தோட்டாவின் சத்தம் எனக்குத் தெரியும், மென்மையாகத் தட்டுவது போல இருக்கும். இது சுளீரென்று கேட்டது.

போய்ப் பக்கத்தில் நின்றேன். காதுமூடியைக் கழற்றிவிட்டு, "இன்னா மாமா, ஊர்ல பண்டிக நல்லாச்சா?" என்றாள். பிறகு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "மொத தோட்டா டப்பா நல்லா இருந்திச்சி. இந்த டப்பா இன்னாவோ ஒதைக்கிது. கூடு வெளிய வர மாட்டுது, குச்சி வச்சித் தள்ளிக்கினு கீறேன்."

காலிக் கூடுகளை எடுத்துப் பார்த்தேன். அடியில் இருக்கும் ப்ரைமர் எப்போதும் ஓரம் உருண்டையாக இருக்கும். அது தட்டையாகி, கூட்டோடு ஒட்டித் தேய்த்தது போல ஆகியிருந்தது. உள்ளே அழுத்தம் மிஞ்சினால்தான் அப்படி ஆகும். "சுடாதம்மா, கொஞ்சம் நில்லு" என்றேன். "எந்த டப்பா இது?" அவள் காட்டினாள், மேலே எழுதியிருந்த எண்படி நடுவில் நிரப்பியது. கடைசியில் நிரப்பியவை எல்லாம் விஜயவாடாவுக்குக் கொண்டுபோகும் பையில் இருந்தன.

கேப்டன் சாரிடம் போனேன். கூட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கும் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கோமதியின் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் குண்டைக் கழற்றி, உள்ளே இருந்த பவுடரைத் தராசுத் தட்டில் கொட்டினார். முள் கோட்டில் வந்து நின்றது. இம்மி பிசகவில்லை.

"சரிகா உந்தி, தாமோதரம்" என்றார், சரியாகத்தான் இருக்கிறது என்று. "பித்தளை பழசு. பலமுறை சுட்ட கூடு. அதனால இருக்கும்."

இருக்கலாம். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் என் மனம் அடங்கவில்லை. முதல் டப்பாவில் மிச்சமிருந்த ஒரு தோட்டாவைக் கொண்டுவந்து பிரித்து அவர் முன்னாலேயே கொட்டினேன். அது நன்றாகச் சுட்ட டப்பா. தராசு அதைக் குறைவு என்று காட்டியது.

நல்லதைக் குறைவு என்கிறது, உதைத்த டப்பாவுக்குப் பிறகு நிரப்பியதைச் சரி என்கிறது. தராசுத் தட்டைக் காலியாக வைத்துப் பார்த்தால் பிசகு ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அதை எப்படிக் கேட்பது? முந்தின நாள் அவர் கையால் பூஜ்யத்தில் நிறுத்திய தராசு, அதன் மேல் கண்ணாடி மூடி, யாரும் தொடவில்லை. காலியாக வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டால் உங்களை நம்பவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டு முறை ஷ்யூரா கேட்கும் மனிதரிடம் நான் அதைக் கேட்க வேண்டும். வெளியே கோமதி பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. அவளை அனுப்பிவிட்டு நான் வீட்டில் போய் என்ன சாப்பிடுவேன், எப்படித் தூங்குவேன்?

"சார்" என்றேன். "ஷ்யூரா சார்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். தட்டிலிருந்த பவுடரைக் கொட்டிவிட்டுக் காலித் தட்டைத் திரும்ப வைத்தார். முள் கோட்டுக்கு வரவில்லை. தட்டு மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

இருவரும் ஒரே நேரத்தில்தான் பார்த்தோம். தட்டின் விளிம்பில் அவர் வைத்த சந்தனம் காய்ந்து, வெடித்து, வெளுத்துப் போயிருந்தது.

அவர் கவனக்குறைவான மனிதராக இருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சந்தனத்துக்கும் எடை உண்டு என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் ஈரச் சந்தனத்தோடு சேர்த்தே தராசைப் பூஜ்யத்தில் நிறுத்தியிருந்தார். பிறகு உட்கார்ந்து நிரப்ப நிரப்பச் சந்தனம் காய்ந்துகொண்டே வந்தது. தட்டு லேசாகிக்கொண்டே வந்தது. இடையிடையே நிறுத்துப் பார்க்கும்போதெல்லாம் பவுடர் குறைகிறது என்று தராசு சொல்ல, அவரும் அளவுக் கருவியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். நாம் போடுவதே ஒரு சிட்டிகை. அதற்கு முன்னால் ஒரு பொட்டுச் சந்தனத்தின் ஈரம் சின்ன விஷயமில்லை. புதிய பவுடராக இருந்ததால் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தும் தெரியவில்லை.

சந்தனத்தை நகத்தால் சுரண்டி, தட்டைக் கழுவித் துடைத்து, தராசைச் சரியாக நிறுத்தி, கடைசி டப்பாவின் பவுடரை நிறுத்தோம். எவ்வளவு என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அய்யய்யோ" என்று மட்டும் சொல்லிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

கோமதியிடம் பையை வாங்கினோம். விஷயத்தைச் சொன்னேன். முதலில் பயந்தாள், பிறகு மணியைப் பார்த்தாள்.

"அப்போ எனக்குத் தோட்டா? நானு எத்த எடுத்துக்கினு போவேன் மாமா?"

ரயிலுக்கு நேரம் இருந்தது, ஆனால் நிதானமாகச் செய்யும் அளவுக்கு இல்லை. ஓட்டமும் நடையுமாகச் செய்தால் போட்டிக்கு வேண்டியதை நிரப்பிவிடலாம். எந்தப் பவுடரில்? அதுதான் கேள்வி.

"அதே பவுடரே போடுங்க மாமா. தராசுதான் இப்ப சரியாயிடுச்சில்ல?" என்றாள். "ஆறு மாசமா அதுலதானே சுட்டுக்கினு கீறேன். பழைய பவுடர் வேற எடத்துல அடிக்கிது. பொகை வேற. கடைசி நாள்ல எப்டி மாத்தறது?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கேப்டன் சார் என்னைப் பார்த்தார். சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட என்னிடம் யோசனை கேட்காதவர், "நுவ்வே செப்பு, தாமோதரம்" என்றார். "ஏ பவுடர்?" எந்தப் பவுடர் என்று என்னையே சொல்லச் சொன்னார்.

நான் தராசைப் பார்த்தேன். அவர் கையைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். மூன்றில் எதையும் அன்றைக்கு என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. அவசரத்தில் செய்கிறோம், பதற்றத்தில் செய்கிறோம். ஒரு கூட்டில் தவறு நடந்தால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். "பழசு சார்" என்றேன்.

கோமதி அழுதாள். "மாமா, வேணாம் மாமா" என்று கையைப் பிடித்தாள். நான் பழைய டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொரு கூட்டிலும் டார்ச் அடித்து நான் ஒருமுறையும் சார் ஒருமுறையும் பார்த்து நிரப்பினோம். ஒவ்வொரு தட்டுக் கூடுகளுக்கும் ஒருமுறை தராசைக் காலியாக வைத்துப் பார்த்தோம். அன்று அவர் ஷ்யூரா என்று கேட்கவில்லை. டப்பாக்களைக் கொடுத்தபோது அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள்.

அவள் தேறவில்லை. கொஞ்சத்தில் போயிற்று என்று கூடப் போன பிள்ளைகள் சொன்னார்கள். ஆரம்பத்தில் குண்டுகள் கீழே கீழே விழுந்தனவாம், துப்பாக்கியில் குறிபார்க்கும் பகுதியைத் திருகிச் சரிசெய்வதற்குள் போனது போனதுதான். ஊருக்குத் திரும்பியதும் கிளப்புக்கு ஒருமுறை வந்தாள், அடையாள அட்டையைக் கொடுப்பதற்காக.

"நானு அந்த டப்பா பாதி சுட்டேன். ஒண்ணும் ஆவலியே மாமா" என்றாள். "ஒதைச்சிச்சி, அவ்ளோதான். தராசைக் கழுவிட்டு அதே பவுடர் போட்டுக் குடுத்திருந்தா நானு தேறியிருப்பேன். உங்க பயத்துக்கு நான்தான் கெடச்சேனா?"

கடைசி டப்பாத் தோட்டாக்கள் துப்பாக்கியை உடைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தாங்கியும் இருக்கலாம். அவற்றை எல்லாம் பிரித்துப் பவுடரைத் திறந்தவெளியில் அழித்துவிட்டோம், தெரிந்துகொள்ள வழி இல்லை. நடக்கவிருந்ததைத் தடுத்தோம் என்று காட்ட எங்கள் தொழிலில் ஒன்றும் மிஞ்சாது. எதுவும் நடக்காத நாளைக் காட்டி யாரிடம் நியாயம் கேட்பது? கேப்டன் சார் அதற்குப் பிறகு விஜயதசமிக்கு உட்காரவில்லை. சந்தனத்தைக் கதவு நிலையோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த வருடம் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார்.

சுரேஷ், உன்னிடம் இப்போது இருப்பது எலக்ட்ரானிக் தராசு. பொத்தானை அமுக்கினால் பூஜ்யம் வந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னாய். கேப்டன் சார் செய்ததும் அதுதான், கையால் செய்தார். எந்தப் பவுடர் என்று கேட்டால், கூடினால் கண்ணுக்குத் தெரிகிற பவுடர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிள்ளைகள் உன்னைத் திட்டுவார்கள். சிலர் சொல்வதில் நியாயமும் இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டுதான் இந்த வேலையைப் பார்க்க வேண்டும்.

போன தை மாதம் கிளப் வாட்ச்மேன் வீட்டுக் கல்யாணம், திருச்சானூரில். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பெண் வீட்டுக்கு உறவோ, அக்கம்பக்கமோ, கோமதி பாயச வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாள். முந்தானையைப் பிடித்தபடி பின்னாலேயே ஒரு குழந்தை. என் பக்கத்து இலைக்காரரிடம் சிரித்துப் பேசினாள். என் இலைக்கு வந்ததும் பேச்சு நின்றது. "எப்டிம்மா கீறே?" என்றேன். குனிந்து, ரிவால்வர் பிடித்த அந்த வலது கையால் கரண்டியை எடுத்துப் பாயசத்தை ஊற்றினாள். என் இலையில் ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டியைப் பிடித்திருந்த ஐந்து விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.